மூன்றாம் மாடி, இடப்பக்கம்

முதல் கடிதம் மே பன்னிரண்டாம் திகதி வந்தது,
நாலாக மடித்துக் கதவிடுக்கில்:
"அன்புக்குரிய ஃப்ராவ் அருமைநாயகம்,
விடிகாலை நான்கு மணிக்குக் காகிதம் கசக்குவதைத்
தயவுசெய்து நிறுத்தவும்."
கீழே ஹூட்டமான் என்ற கையெழுத்து,
மூன்றாம் மாடி, இடப்பக்கம்.

கசக்குகிறேன்தான்.
நாலு முப்பத்தைந்து பஸ்ஸுக்கு முன்னால்
இரண்டு துண்டுப் பாணை அலுமினியத் தாளில் சுற்றுகிறேன்,
ஆஸ்பத்திரிக் குசினியில்
நானூறு பேருக்குக் கஞ்சி வார்த்துவிட்டு
நின்றபடி தின்ன.
இவ்வளவு மெல்லிய சுவரா?
அன்றே தாளை விட்டேன்.
பிளாஸ்டிக் டப்பா வாங்கினேன்,
மூச்சைப் பிடித்துக்கொண்டு மூடியை அமத்தினேன்.

இரண்டாம் கடிதத்தில் அன்பு இல்லை.
இப்போது அது
கண்ணாடித் தூளை யாரோ பல்லால் அரைப்பதுபோல் இருக்கிறதாம்.

மறுநாள் நான் விளக்குப் போடவில்லை.
காலுறையோடு குசினி நடுவில் நின்றேன்,
என் வீட்டுக்குள் நானே கள்ளியாக.
கேத்தில் இல்லை, டப்பா இல்லை, சப்பாத்து இல்லை.
ஆனாலும் கேட்டது,
சரளைக்கல்லைப் பையில் போட்டு நெரிப்பதுபோல்
தலைக்கு நேர்மேலே.

எனக்கு மேலே மாடி இல்லை.
ஓடு. புகைபோக்கி. பிறகு ஹாகன் நகரத்து வானம்.

கூரை யன்னலைத் தள்ளித் தலையை வெளியே விட்டேன்.
வெளிச்சம் வரக் காத்திருந்தேன்.
கீழே தெருவில் என் பஸ் என்னை விட்டுப்போகிற சத்தம்.
சாட்டிலைட் தட்டின் நுனியில்
ஒரு கைப்பிடிக் கரி.

சிட்டுக்குருவி, என்றது வாய்.
சின்னதாக எது இருந்தாலும் அதற்கு அந்த ஒரு சொல்தான்.
ஆனால் சிட்டு ஊரோடு சேர்ந்து சண்டை பிடிக்கும்;
விதை உடைக்கக் கட்டையான அலகு.
இதற்கு ஊசி. இது தனி ஆள்.
குந்தி எழும்பி, குந்தி எழும்பி,
கடன் கேட்க வந்து வாய் வராமல் நிற்பவன்போல.
திரும்பியபோது வால் தெரிந்தது:
அணைத்த அடுப்பில் மறந்துபோன தணல்,
குளிரே இல்லாமல் நடுங்கிக்கொண்டு.

முதலில் ஒரு விசில், நாலைந்து துளி.
ஒரு மூச்சு நேரம் ஒன்றுமில்லை.
பிறகு அந்தக் கசங்கல்.
உடனே மறுபடி விசில்.

இத்தனை நாளும்
விசிலைக் குருவிக்கும் கசங்கலை எனக்கும்
பிரித்துக் கொடுத்திருக்கிறாள் அந்த மனிசி.
நானும் கைநீட்டி வாங்கியிருக்கிறேன்.
இரண்டும் ஒரே தொண்டை.

ஐந்து மணிக்கு அவள் மணியை அடித்தேன்.
நீல அங்கியில், பல் கட்டாமல் வந்தாள்.
குருவிக்கும் கூரைக்கும் ஜெர்மன் தெரியும் எனக்கு;
கோபத்துக்குத் தெரியாது.
"வாருங்கள்," என்றேன், விரலை மேலே காட்டி.
பதினாறு படி. இரண்டு தரம் கைப்பிடியில் நின்றாள்.

ஒரு யன்னலில் இரண்டு தலை.
அது எங்களைச் சட்டை செய்யாமல்
கண்ணாடித் தூளை அரைத்தது.

"ஹவுஸ்ரோட்ஷ்வான்ஸ்," என்றாள் மெல்ல.
வீடு, சிவப்பு, வால்:
மூன்றையும் இடைவெளி விடாமல் ஒட்டிய பெயர்.
கார் நிறுத்துமிடத்தில் நாற்பது வருடமாகப் பார்க்கிறாளாம்.
நிறம் தெரியும், வால் தெரியும், பெயர் தெரியும்.
வாயைத் திறந்தால் இப்படி இருக்குமென்று
யாரும் சொல்லவில்லையாம்.

மன்னிப்பு என்ற சொல் படியேறி வரவில்லை.
என் மேசையில் இருந்த டப்பாவைப் பார்த்தாள்,
புதியது, விலைச்சீட்டு இன்னும் அதில்.
ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனாள்.

நான் அலுமினியத் தாளுக்கே திரும்பிவிட்டேன்.
தாராளமாகக் கசக்குகிறேன்.

ஜூன் கடைசியில் கதவிடுக்கில் மூன்றாம் கடிதம்,
விளிப்பில்லை, கையெழுத்தில்லை:
"இன்று மூன்று ஐம்பத்திரண்டு.
நீங்களா, அதுவா?"